தோட்டப் பெற்றோர் மீது போடும் பழி

பதுளை நகரில் உத்தியோகத்தர், ஆசிரியர், கடை முதலாளி என்று யாரிடம் பேசினாலும் தீர்ப்பு ஒன்றுதான்: படிப்பு இலவசம், புத்தகம் இலவசம், சீருடை இலவசம், இத்தனைக்குப் பிறகும் தோட்டத்துப் பிள்ளை படிக்கவில்லையென்றால் தாய் தகப்பனுக்கு அக்கறை இல்லை. லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்களில் சிலரும் இதையே சொல்கிறார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது. இந்தத் தீர்ப்பு பொய். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கவிடாமல் நம் வாயை அடைக்கும் பொய்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. மூன்று ஆண்டுகளில் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பெற்றோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதல்தான் கட்டம் கட்டமாகக் கையேற்றார்கள். அது தொண்ணூறுகள் வரை இழுபட்டது. அதுவரை பெரும்பாலான தோட்டங்களில் ஒரே மண்டபம், ஓரிரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு.

கையேற்ற பிறகாவது சமமாகச் செலவழித்தார்களா? கல்விச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். பயிற்சியும் அனுபவமும் உள்ள ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அரசின் பணமும் இருக்கிறது. மலையகப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறைக்கு 2015 அளவில் அரசு கண்ட தீர்வு என்ன? உயர்தரம் முடித்த நம் இளைஞர் யுவதிகளை ‘ஆசிரியர் உதவியாளர்’ என்று எடுத்து, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் வகுப்பறைக்கு அனுப்பியது. அது 10,000 ஆகவே போராட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் உழைத்தார்கள். குறை அவர்களிடம் இல்லை. தோட்டத்துப் பிள்ளையின் படிப்புக்கு அரசு போட்ட விலை அது.

தேசிய பாடசாலைகளுக்குக் கொழும்பு அமைச்சு நேரடியாகப் பணம் தருகிறது. மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் மலை மேலிருக்கும் சிறு பள்ளிகள் மாகாண சபையின் கையில். ஊவாவோ நாட்டின் வறிய மாகாணங்களில் ஒன்று. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பள்ளிக்கு ஆய்வுகூடம் வராது. ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கு விஞ்ஞானப் பிரிவு வராது. பல்கலைக்கழக அனுமதியில் பதுளையைப் பின்தங்கிய மாவட்டமென்று அரசே ஏற்று, மேலதிக ஒதுக்கீடும் தருகிறது. பௌதிகவியல் கற்பிக்க ஆளில்லாத பள்ளியில் படித்தவளுக்கு அந்த ஒதுக்கீடு என்ன செய்யும்?

இனி அந்த ‘அக்கறை இல்லாத’ தாய். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானி வந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை வேலை நாளில் வைத்துவிட்டு, அவள் வரவில்லை என்று குறை எழுதுகிறார்கள். பஸ் காசு, வசதிக் கட்டணம், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூஷன் எல்லாம் தோட்டச் சம்பளத்தில்தான். அவள் கட்டுகிறாள். அடகுக்கடையில் காதுத் தோட்டை வைத்துக்கூடக் கட்டுகிறாள்.

பிள்ளையைப் பாதியில் நிறுத்திக் கொழும்புக் கடைக்கு அனுப்புகிறார்களே என்பார்கள். அனுப்புகிறார்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணிதத்துக்கு ஆசிரியரில்லாமல் மூன்று தவணை போன பள்ளியில் சாதாரண தரம் சித்தியடைவான் என்று எந்தத் தகப்பன் நம்புவான்? அந்த முடிவுக்கு அவனைத் தள்ளியது வெறுமையாய்க் கிடந்த ஆசிரியர் நாற்காலி.

ஊவா மாகாணக் கல்வி அமைச்சு ஒன்றைச் செய்யட்டும். பதுளை, பண்டாரவளை வலயங்களில் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மாணவருக்கு ஆசிரியர் சம்பளம் உட்பட எவ்வளவு செலவாகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும், தமிழிலும் சிங்களத்திலும். குறைவாகப் பெறும் பள்ளிக்கு அடுத்த ஆண்டு முதலில் நிரந்தர ஆசிரியரை அனுப்பட்டும். அந்தப் பட்டியல் கையில் வரும்வரை தோட்டத்துத் தாயின் அக்கறையைப் பற்றிப் பேச எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.