டப்பாவின் படமும் வரைந்தவர் கூலியும்

1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குச் சில பெட்டிகளைக் கொண்டுவர முயன்றபோது சுங்கத்தில் தகராறு வந்தது. பெட்டிகளின் மேல் 'பிரில்லோ' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிரில்லோ என்பது அந்நாட்டில் பாத்திரம் துலக்கும் சோப்பு தோய்த்த இரும்பு நார். ஆனால் இந்தப் பெட்டிகளுக்குள் நார் ஒன்றும் இல்லை. எல்லாம் ஒட்டுப்பலகையில் அடித்து, வர்ணம் பூசி, மேலே அச்சிட்ட வெறும் பெட்டிகள். கொண்டுவருபவர், "இது சிற்பம், வரி கிடையாது" என்றார். சுங்கத்தாரோ, "இது வியாபாரச் சரக்கு, 20 சதவீதம் கட்டுங்கள்" என்றனர். அந்நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநரைக் கேட்டதற்கு அவரும் இது சிற்பமல்ல என்று சொல்லிவிட்டார். காலிப் பெட்டிக்கும் வரி கேட்ட கதை நம்மவருக்கு ஒன்றும் புதிதல்ல. ஆனால் அதே வகைப் பெட்டி ஒன்று 2010 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று என்பதைப் படித்தபோது நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

பெட்டிகளைச் செய்தவர் ஆண்டி வார்ஹோல். 1928-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். ஓவியராகப் பெயர் எடுப்பதற்கு முன் பத்தாண்டு காலம் நியூயார்க்கில் விளம்பரப் படம் வரைந்தே பிழைத்தார். காலணிக் கடை ஒன்றுக்கு அவர் வரைந்த படங்கள் அக்காலத்துப் பத்திரிகைகளில் வாராவாரம் வந்தன. பிறகு சூப்பர்மேன், பாப்பாய் போன்ற படக்கதைப் பாத்திரங்களையும், செய்தித்தாளின் மூலையில் வரும் சில்லறை விளம்பரங்களையும் பெரிய துணியில் தீட்டினார். அவை 1961-ல் முதன்முதலாக மக்கள் கண்ணில் பட்ட இடம் எது தெரியுமா? நியூயார்க்கின் பெரிய துணிக்கடை ஒன்றின் கண்ணாடி முகப்பில், பொம்மைகளுக்குப் போட்ட கவுன்களுக்குப் பின்னால். கலைக்கூடம் கதவு திறப்பதற்கு முன் கடை திறந்தது என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் வைத்த காட்சிதான் நம் மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. கேம்ப்பெல் கம்பெனியின் தகர டப்பா சூப் அப்போது 32 ருசிகளில் வந்தது. ருசிக்கு ஒன்றாக 32 படங்கள், ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம். சுவரில் நீளமாகச் சட்டம் அடித்து, நாம் அலமாரியில் டப்பா அடுக்குவது போலவே அவற்றை வரிசையாக நிறுத்தினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கலைக்கூடக்காரர் அசல் சூப் டப்பாக்களையே வாங்கி முகப்பில் அடுக்கி, "எங்களிடம் மலிவு" என்பது போல் விளம்பரம் வைத்தார். போட்டி வியாபாரம் என்றால் எங்கும் இப்படித்தான் போலும்! ஒரு படம் 100 டாலர். ஐந்தாறுதான் விலை பேசியது. கலைக்கூடக்காரர் யோசித்து, பேசிய படங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, 32-ஐயும் மொத்தமாக 1,000 டாலருக்குத் தாமே எடுத்தார். மாதம் 100 டாலர் வீதம் பத்துத் தவணை. 1996-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு அவை போனபோது மதிப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். சரக்கைப் பிரிக்காமல் வைத்திருந்ததன் பலன் அது. நம் மொத்த வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேம்ப்பெல் கம்பெனி ஏன் வழக்குப் போடவில்லை என்று நம்மில் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் லேபிளைப் போல் இன்னொருவர் அடித்தால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் வார்ஹோல் சூப் விற்கவில்லை. போலிச் சரக்குக்காரன் நம் படத்தைப் போட்டு உள்ளே தன் சரக்கை வைக்கிறான், வாடிக்கையாளர் ஏமாறுகிறார். இங்கே அந்தப் படத்தை வாங்கிக் கொதிக்க வைத்தவர் எவருமில்லை. 1964-ல் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் அவருக்கு நல்ல விதமாகக் கடிதம் எழுதி, தக்காளி சூப் டப்பாக்களைப் பெட்டியாக அனுப்பிவைத்தார். 2012-ல் அதே கம்பெனி வார்ஹோல் பாணி லேபிளுடன் டப்பாக்களை விற்றது.

அந்த லேபிளின் கதையையும் சொல்ல வேண்டும். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்ற அந்த அமைப்பு 1898-ல் வந்தது. கம்பெனி அதிகாரி ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் உடையைப் பார்த்து அந்த நிறத்தைப் பிடித்தார். நடுவிலுள்ள பொன்வட்டம் 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் கிடைத்த பதக்கம். அறுபது ஆண்டுகள் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்ததால்தான் வரைவதற்கு ஒரு டப்பா இருந்தது. நம்மவர் பண்டிகைக்குப் பண்டிகை பாக்கெட் நிறத்தை மாற்றுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டி "அந்தப் பச்சைப் பாக்கெட்டு குடுப்பா" என்றுதான் கேட்கிறார். பச்சை போய் ஊதா வந்தால் அவர் வேறு பச்சைக்குப் போய்விடுகிறார்.

இனி நம் மனதை உறுத்துவது. பிரில்லோ அட்டைப்பெட்டியை முதலில் வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர்தான், வயிற்றுப்பாட்டுக்காகப் பெட்டி வடிவமைக்கும் வேலை பார்த்தார். 1964-ல் வார்ஹோல் அதைப் பார்த்துப் பெட்டி செய்து புகழ் பெற்றார். ஹார்வி மறு ஆண்டே காலமானார். அவர் வேலைக்குக் கிடைத்தது வேலைக்கான கூலி மட்டும். ராய் லிக்டன்ஸ்டைன் விஷயமும் இதுதான். மலைப்பகுதி விடுதி ஒன்றின் செய்தித்தாள் விளம்பரத்திலிருந்து பந்து பிடித்த பெண்ணை 1961-ல் வரைந்தார். 1963-ல் அவர் தீட்டிய போர்விமானப் படம் லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அது இர்வ் நோவிக் என்பவர் படக்கதைப் புத்தகத்தில் வரைந்த கட்டத்தைப் பார்த்துச் செய்தது. லிக்டன்ஸ்டைனின் வேறொரு படம் 2017-ல் 16.5 கோடி டாலருக்குக் கைமாறியது. படக்கதை வரைந்தவர்கள் பக்கக் கணக்கில் கூலி வாங்கிப் போனவர்கள்.

வார்ஹோலும் லிக்டன்ஸ்டைனும் திருடர்கள் என்று நாம் சொல்லவில்லை. தினம் கையில் எடுத்தும் நாம் பார்க்காத ஒன்றை அவர்கள் பார்த்தார்கள். அதற்கு விலை உண்டு. ஆனால் முதலில் வரைந்தவர் பெயரைக்கூடக் கேட்காத பழக்கம் அமெரிக்காவோடு நிற்பதல்ல. நம்மில் யார் தம் ஊதுபத்தி உறைக்கோ, அப்பளக் கட்டுக்கோ படம் போட்டவர் பெயரைச் சொல்ல முடியும்? அச்சகத்தாருக்குக் கொடுத்த பில் இருக்கிறது. அதில் 'டிசைன் செலவு' என்று ஒரு வரி. அந்த டிசைன் இருபது ஆண்டுகளாக நமக்குச் சரக்கு விற்றுக் கொடுக்கிறது. அடுத்த முறை லேபிள் அடிக்கும்போது வரைந்தவர் பெயரை ஓரத்தில் ஒரு சிறிய எழுத்தில் போடச் சொல்லலாம். மறு அச்சுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் நம் லாபம் கரைந்துவிடாது. சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்பது நம் கருத்து.

சென்ற மாதம் உறுப்பினர் ஒருவரின் கிடங்குக்குப் போயிருந்தோம். சர்க்கரை மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமலிருக்கப் பழைய எனாமல் பலகை ஒன்றைப் போட்டிருந்தார்கள். எடுத்துத் துடைத்துப் பார்த்தால், தேநீர்க் கோப்பை ஏந்திய பெண், நிறம் துளியும் மங்கவில்லை. கீழே பலகை செய்த தொழிற்சாலையின் பெயர் இருந்தது. வரைந்தவர் பெயரைத் தேடினோம், எங்கும் இல்லை. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாராம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.