ஐந்து வினைகளை விழுங்கிய அயற்சொல்

மணலி புதுநகரில் மின்னோட்டம் நின்றாலும் 'ஷட்டவுன்'. எண்ணெய் ஆலையைப் பழுதுபார்க்க நிறுத்தினாலும் 'ஷட்டவுன்'. முதலாளி கதவை அடைத்துத் தொழிலாளரைத் தெருவில் நிறுத்தினாலும் 'ஷட்டவுன்'. ஆலையையே அடியோடு மூடினாலும் 'ஷட்டவுன்'. வீட்டுச் சிறுவன் கணினியை அணைத்தாலும் 'ஷட்டவுன்'. ஐந்து செயல்களுக்கு ஐந்து வினைகளை உடைய இனம், ஐந்திற்கும் ஓர் அயற்சொல்லை ஏந்தி நிற்கின்றது. இதனை வளர்ச்சி என்பாரும் உளர்!

அச்சொல்லின் இயல்பை முதற்கண் காண்போம். ஆங்கிலத்தில் 'ஷட்' என்பது அடைத்தல், மூடுதல் என்னும் பொருளுடைய சிறு வினை. 'டவுன்' என்பது கீழே எனப் பொருள்படும். இரண்டும் கூடியவிடத்து, இயக்கத்தை நிறுத்துதல் என்னும் மூன்றாம் பொருள் பிறக்கின்றது. அதே வினையோடு 'ஆஃப்' சேரின் நீர், வளி முதலியவற்றின் ஓட்டத்தை அடைத்தலாம். 'அவுட்' சேரின் உள்ளே விடாது புறத்தே நிறுத்துதலாம். 'அப்' சேரின் வாயை மூடு என்னும் ஏவலுமாம். ஒட்டும் சொல் மாறப் பொருளும் மாறும். இஃது ஆங்கிலத்தின் மரபு. அதனைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்பவன் இவ்வேறுபாடுகளை எல்லாம் கற்பான். நம்மவரோ ஒன்றை மட்டும் பிடுங்கி வந்து, 'ஆச்சு', 'பண்ணு' என்னும் வாலை ஒட்டி எங்கும் ஆளுகின்றனர். இதனால் ஆங்கிலமும் வந்தபாடில்லை, தமிழும் நின்றபாடில்லை.

தமிழில் இத்தகு நுட்பம் இல்லையா? துணைவினைகளை நோக்குக. 'நிறுத்திவைத்தனர்' என்றால் மீண்டும் இயக்கும் எண்ணம் உண்டென்பது பெறப்படும். 'நிறுத்திவிட்டனர்' என்றால் செயல் முடிந்தது. 'நிறுத்திக்கொண்டனர்' என்றால் தம் விருப்பால் செய்தனர். 'நின்றது' தன்வினை, 'நிறுத்தினர்' பிறவினை. 'ஆலை ஷட்டவுன் ஆயிடுச்சு' என்னும் கலவைப் பேச்சில் வினைமுதல் எங்கே? மழை பெய்வது போல் அது தானே நிகழ்ந்ததாகின்றது. 'மூடினர்' என்று சொல்லிப் பாருங்கள். மூடியவர் யாவர், கரணியம் யாது என்னும் வினா உடனே எழும். 'மூடப்பட்டது' எனச் செயப்பாட்டுவினையாற் கூறினும், மூடியவன் ஒருவன் உளன் என்பது அச்சொல்லுள்ளேயே கிடக்கும்.

'வயிற்றுப்பாட்டுக்கு அலையும் தொழிலாளிக்கு இந்த இலக்கணம் எதற்கு?' என்று கேட்பர். அவன் வயிற்றுப்பாடே இந்த இலக்கணத்தில்தான் இருக்கின்றது! 1947 ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம், வேலை தர இயலாது இடைக்காலத்திற்கு நிறுத்திவைத்தல், கதவடைப்பு, நிலையாக மூடுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே வரையறுத்தது. 2020 ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அவ்வேறுபாட்டைக் கைவிடவில்லை. நிறுத்திவைத்தால், தகுதியுடைய தொழிலாளிக்கு அடிப்படைக் கூலியிலும் அகவிலைப்படியிலும் பாதி உண்டு. நிலையாக மூடினால், பணியாற்றிய ஒவ்வோராண்டிற்கும் 15 நாள் கூலி இழப்பீடு உண்டு. கதவடைப்பாயின், அது சட்டத்திற்கு உட்பட்டதா, மாறானதா என்று வழக்காட இடமுண்டு. மூன்றையும் 'ஷட்டவுன்' என்றே அழைப்பவன், தனக்குரியது எதுவென்று எங்ஙனம் கேட்பான்?

நம் பகுதியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1969 இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய் ஆலையில் பழுதுபார்க்க உறுப்புகளை அவ்வப்போது நிறுத்திவைப்பர், பின்னர் இயக்குவர். எண்ணூர் அனல்மின் நிலையத்தையோ 2017 மார்ச்சில் நிலையாக மூடிவிட்டனர். இரண்டும் ஒன்றாகுமா? 2023 திசம்பர் 26 ஆம் நாள் இரவு, உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயினின்று அம்மோனியா வளி கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினர். அரசு ஆலையை நிறுத்திவைத்தது. மக்களோ நிலையாக மூடுக என்று போராடினர். 2024 இல் ஆலை மீண்டும் இயங்கியது. 'நிறுத்திவை' என்பதற்கும் 'மூடிவிடு' என்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடே அப்போராட்டத்தின் உயிர் என்க. அவ்வேறுபாட்டைச் சொல்ல மீனவர்க்குத் தமிழ் இருந்தது. 'ஷட்டவுன்' என்னும் சொல்லில் அஃது இல்லை.

1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாளில், பஞ்சாலைத் தொழிலாளரிடை நின்று அவர்தம் உரிமையைத் திரு.வி.க. நற்றமிழில் எடுத்துரைத்தார். உழைப்பவன் மொழியில் உரிமையைச் சொன்னமையாற்றான் அவ்வுரிமை அவனுக்கு விளங்கிற்று. இன்றோ சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் அயற்சொல் ஏறி அமர்கின்றது.

'எல்லார்க்கும் புரிகின்றதே' என்பது மற்றொரு சொத்தைக் கரணியம். ஆலையில் 'ஷட்டவுன்' என்று கேட்ட மனைவி, கணவனுக்கு வேலை போயிற்றோ, இரண்டு கிழமை ஓய்வோ என்று அறியாது கலங்குவாளாயின், புரிந்தது யாது?

தமிழ்மக்களே! புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. உள்ள சொற்களை ஆண்டாலே போதும். திட்டமிட்டுச் செய்வது மின்நிறுத்தம். பழுதால் நேர்வது மின்தடை. ஆலைக்குப் பழுதுபார்ப்பு நிறுத்தம். முதலாளி செய்வது கதவடைப்பு. முற்றாக முடிப்பது மூடல். கணினியை அணைத்தல். இவற்றைச் சங்கப் பலகையில் எழுதுங்கள். ஆலை வாயிலில் சொல்லுங்கள். பிள்ளைகள் 'ஷட்டவுன்' என்னும்போது, எதனை, யார், எவ்வளவு நாளைக்கு என்று கேளுங்கள். சொல்லைத் தெளிவாகக் கேட்கப் பழகிய இனமே, தனக்குரிய கூலியையும் காற்றையும் தெளிவாகக் கேட்கும்.