தேர்ச்சி விழுக்காடும் திரும்பி வருகிறவனும்

களவு செய்தவனுக்குக் கல்வி கொடுத்தால் கற்ற கள்வனாவான் என்று சொல்வோர் நம்மிடையே இன்றும் உண்டு. தெருவில் போகிறவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளி நடத்துவோரே சொல்லும்போது எப்படிப் பொறுப்பது?

ஒகேனக்கல் அருவிக்கு வருவோர் கண்டிருப்பர். பள்ளி நாளிலும் மீன் வறுக்கும் கடைகளின் அருகே, பரிசல் துறையில், பதினைந்து வயதுச் சிறுவர் நிற்பர். அவர்களைக் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் உழைத்து உண்பவர். ஆயினும் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவனுக்குக் காவல் நிலையம் அதிகத் தொலைவில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் 68.54 விழுக்காட்டுடன் தமிழகத்தின் கடைசி இடத்தில் நின்றது நம் தர்மபுரி மாவட்டமே.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு பிள்ளையின் கையை விட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பின் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சியோ பள்ளிவாசலில் பதாகையாகத் தொங்குகிறது. அந்த நூறுக்கு இடையூறாக இருப்பவனிடம், "மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்" என்று முந்திய ஆண்டே இதமாகச் சொல்லப்படுகிறது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் 16 வயதைக் கடந்தவர்கள். இடைப்பட்ட அவ்விரண்டாண்டில் அவன் எங்கிருந்தான் என்று யார் கேட்டார்?

இது முதற்குற்றத்தின் கதை. இரண்டாவது குற்றத்திற்கான பொறுப்பு இன்னும் நேரடியாக நம்மைச் சேரும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பள்ளிக்குச் செல்லுமாறு சிறுவனுக்கு ஆணையிடும் அதிகாரத்தைக் குழுமத்துக்கு அளிக்கிறது. செய்த குற்றத்தால் அவனுக்கு எத்தகுதியிழப்பும் நேரலாகாது என்பதே அச்சட்டத்தின் பொதுவிதி. சட்டம் துடைத்த கறையை ஊர் துடைப்பதில்லை. 'சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் வந்தவன்' என்பது வசைச்சொல்; பள்ளிக்குப் போனதே இழிவாகிற வேறோர் இடம் உலகில் உண்டோ? இல்லங்களின் உட்புறமும் பெருமைக்குரியதன்று. 2022 இறுதியில் செங்கல்பட்டு அரசினர் இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் தாக்கப்பட்டு மாண்டான், ஊழியர்கள் கைதாயினர். அதன்பின்னரே இவ்வில்லங்களைச் சீரமைக்க வழி கூறுமாறு நீதியரசர் சந்துரு பணிக்கப்பட்டார்.

சிறையில் கல்வி கற்றோர் மீண்டும் குற்றத்தில் வீழும் வாய்ப்பு, கல்லாதோரைவிட 43 விழுக்காடு குறைவு என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் கணித்தது. அது வயதுவந்தோரைப் பற்றிய கணக்கு. வளரும் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று வாதிடுவோர் காரணம் காட்டட்டும். தூரின் நகரச் சிறைகளில் அதே இளைஞர் மீண்டும் மீண்டும் வந்து சேர்வதைக் கண்ட பின்னரன்றோ தொன் போஸ்கோ 1841இல் தம் பணியைத் தொடங்கினார்! வெளியே அவர்களை ஏற்பார் இல்லாமையே காரணம் என்று அவர் கண்டார்.

"மற்றப் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவானே" என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அஞ்சுவது இயல்பே. ஆனால் அவன் ஏற்கெனவே அவர்களுடைய தெருவில்தான் வாழ்கிறான். வகுப்பில் ஆசிரியர் கண்காணிப்பில் இருப்பதைவிட, தெருவில் எவர் கண்காணிப்பும் இன்றித் திரிவது எவ்வகையில் பாதுகாப்பு?

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாம் மகிழ்ந்தோம். உரிமைக்காக மகிழ்ந்தது சரியே. ஆனால் எவரும் வற்புறுத்தாத இடத்தில் நாமாக யாரைச் சேர்த்துக்கொண்டோம்? ஊதாரி மைந்தனைப் பற்றி மறையுரையாற்றும் நாம், சேர்க்கை நாளில் மூத்த மகனாகவே மாறிவிடுகிறோம்.

வரும் ஆண்டு நம் பள்ளிகள் தேர்ச்சி விழுக்காட்டை அறிவிக்கும்போது, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தோம், இல்லங்களிலிருந்து திரும்பியவருள் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற இரு எண்களையும் அதன் கீழேயே இவ்விதழில் அச்சிடட்டும்.