கூடாரம் நமக்குப் புதிதன்று

எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தாயும், கல்லூரியில் பயிலும் அவருடைய மகளும் சென்ற டிசம்பர் மாதத்தில் பரம்பிக்குளம் சென்று, காட்டுக்குள் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கித் திரும்பினர். தாயின் உடன்பிறந்த தம்பி துணைக்குச் சென்று, அடுத்த கூடாரத்தில் தங்கியிருந்தார். ஆகவே மார்க்கம் கேட்கும் துணைக்கும் குறைவில்லை. எனினும், அவர்கள் ஊர் திரும்புமுன்பே ஊரார் தீர்ப்பு எழுதிவிட்டனர்.

“குமர்ப்பிள்ளையை அழைத்துக்கொண்டு காட்டிலா இராத் தங்குவது?” என்றார் ஒருவர். “கூடாரத்தில் பெண் படுத்துறங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டா?” என்றார் மற்றொருவர். இரண்டாமவர் இருமுறை ஹஜ் செய்தவர். அதனாலேயே அவருக்கு விடை கூறுவது என் கடமையாயிற்று.

ஹாஜியார் அவர்களே! மினாவில் தாங்கள் தங்கியது மாளிகையிலா? கூடாரத்தில் அல்லவா? தங்கள் துணைவியார் தங்கியதும் கூடாரத்தில்தானே? அரபாத்திலிருந்து புறப்பட்டு முஸ்தலிபா வந்த இரவில் கூடாரமும் இல்லை. திறந்த வானத்தின் கீழ், வெறுந்தரையில் பாய் விரித்து, பல இலட்சம் மக்களிடையே நம் தாய்மார்கள் கண்ணயர்ந்தனர். ஊர் திரும்பிய பின் அந்த இரவைப் பற்றி அவர்கள் பேசும்போது குரல் தழுதழுப்பதைக் கேட்டிருக்கிறோம். மினாவில் கண்ணியமாக இருந்த கூடாரம், பரம்பிக்குளத்தில் மட்டும் கண்ணியக் குறைவாகிவிடுமா?

“ஹஜ் கடமை, காட்டுக்குச் செல்வது கடமையா?” என வினவுவோரும் உளர். கடமையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடமையல்லாத ஒவ்வொன்றும் விலக்கப்பட்டதாகிவிடாது. இச்சிறு வேறுபாட்டை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு இறைமறை விடுக்கும் அழைப்பு ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று நான் ஓதிய விரிவுரைகளில் எங்கும் கண்டதில்லை. மனித வாடையற்ற பள்ளத்தாக்கில் கைக்குழந்தையுடன் தனித்திருந்த அன்னை ஹாஜரா அவர்களின் ஓட்டத்தைத்தான், ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே இன்றளவும் ஆடவரும் அடியொற்றி வருகின்றனர். ஒரு தாயின் துணிவை வணக்கத்தின் பகுதியாகக் கொண்ட சமுதாயம், மற்றொரு தாயின் துணிவைக் கண்டு முகம் சுளிக்கலாமா?

இனி, ஆபத்தைக் காட்டி அச்சுறுத்துவோர் இருக்கின்றனர். அவர்களுடைய வாதத்தில் பொருள் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. மலையேறச் சென்றிருந்தோரில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்கள் பலர். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், தனியார் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம் ஆசிரியை யானை தாக்கி உயிரிழந்தார். “பெண்களுக்குக் காட்டில் என்ன வேலை?” என்று குரங்கணித் துயரத்தின்போது நம்மவர் பேசியதை என் காதாலேயே கேட்டேன்.

அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் தீப்பற்றி, பல்லாயிரம் கூடாரங்கள் சாம்பலாயின. 343 பேர் ஷஹீதாயினர். அன்று எவரேனும் “பெண்களுக்கு மினாவில் என்ன வேலை?” என்று கேட்டோமா? கேட்கவில்லை. சமையல் எரிவாயுவைத் தடுத்தனர். எளிதில் தீப்பற்றாத கூடாரங்களை நிறுவினர். தீக்குக் காரணத்தைத் தேடினார்களேயன்றிப் பெண்ணைத் தேடவில்லை. குரங்கணியிலும் எரிந்தது கோடையில் காய்ந்த புல். அதைப் பரப்பியது காற்று. புல்லும் காற்றும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. மேப்பாடி விடுதியை மூடுமாறு மாவட்ட ஆட்சியர் ஆணையிட்டார். திருத்த வேண்டியவை இவையே: இசைவின்மை, வழிகாட்டியின்மை, அறியாமை.

நான் கூறும் தாய் இம்மூன்றையும் தவிர்த்தார். ஆனப்பாடியில் வனத்துறையே அமைத்து வாடகைக்கு விடும் கூடாரத்தை முன்பதிவு செய்தார். வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். இருட்டிய பின் எல்லை தாண்டவில்லை. பாட்டுப்பெட்டியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு செல்லவில்லை. காட்டுக்குச் சென்று கூச்சலிட்டு, குப்பை கொட்டி, யானைத் தடத்தில் அடுப்பு மூட்டித் திரும்பும் இளைஞர் கூட்டங்களைப் பற்றி நம் ஊரில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அடக்கத்துடன் சென்று வந்த இரு பெண்கள் மட்டுமே நம் கண்ணில் உறுத்துகின்றனர்!

காடு பெண்ணுக்கு அந்நியம் என்பதும் பொய். கர்நாடகத்தின் துளசி கவுடா இரண்டு வயதில் தந்தையை இழந்தவர். பள்ளி வாயிலை மிதிக்காதவர். சிறுமியாக இருக்கும்போதே தாயுடன் வனத்துறை நாற்றுப் பண்ணைக்குக் கூலி வேலைக்குச் சென்றார். காட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் விதை தரும் தாய்மரம் எது என்று கண்டறிவதில் வல்லவரானார். 2021 ஆம் ஆண்டு வெறுங்காலுடன் சென்று குடியரசுத் தலைவரின் கையால் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 டிசம்பரில் மறைந்தார். ஒரு தாய் மகளின் கைபிடித்துக் காட்டுக்கு அழைத்துச் சென்றதன் பயன் அது.

இறுதியாக, என்னைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வைகறைத் தொழுகையின் நேரத்தைக் கற்பிக்கும்போது, பொய் வைகறை, மெய் வைகறை என இரண்டு உண்டு என்று பாடம் சொல்வேன். முன்னது ஓநாயின் வால்போல் வானில் மேல்நோக்கி நீண்டு மறையும். பின்னது அடிவானத்தில் அகன்று பரவும். பல ஆண்டுகளாக இதை ஓதிக் கொடுக்கிறேன். மின்விளக்கு வெளிச்சம் நிறைந்த ஊரில் நானும் அதைக் கண்டதில்லை. என் மாணவரும் கண்டதில்லை. பாங்கு நேர அட்டவணை சுவரில் தொங்குகிறது. நமக்கு அது போதும்.

காட்டிலிருந்து திரும்பிய அப்பெண் தன் உம்மாவுடன் என் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் அருகில் அமர்ந்து கேட்டாள்: “ஹஜ்ரத், கிழக்கே மரங்கள் விலகியிருந்த இடத்தில் விடியுமுன் ஒரு மங்கலான ஒளி நெட்டுக்குத்தாய்த் தெரிந்தது. உம்மாதான் எழுப்பிக் காட்டினார்கள். நீங்கள் சொன்ன ஓநாய் வால் அதுதானா?”

நான் என்ன விடை கூறுவது? என் கிதாபில் உள்ளதை அவள் கண்ணால் கண்டு வந்திருக்கிறாள். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். பெண்மக்களைப் பெற்றோரே! நேரமும் பொருளும் துணையும் வாய்க்குமாயின், தாய்மார்கள் தம் புதல்வியரை ஒருமுறையேனும் அந்த வைகறைக்கு அழைத்துச் செல்லட்டும். வழிமறித்து நிற்காதீர்கள். துணைக்கு ஆள் தேவையெனில், நீங்களே எழுந்து உடன் செல்லுங்கள்.