சிவப்பு ஃபில்டரும் தனுஷ்கோடி வானமும்

மண்டபத்திலிருந்து பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி வரை கேமராவோடு போகிறவர்களில் பலர் ஒரே படத்தோடுதான் திரும்பி வருகிறார்கள். இடிந்த தேவாலயம், மேலே கன்னங்கரேல் வானம், கீழே வெள்ளை மணல், ஆள் நடமாட்டமே கிடையாது. புயல் வரப்போகிறது என்று தோன்றும். எடுத்ததோ பளீர் வெயிலில்!

எல்லாம் சிவப்பு ஃபில்டர் செய்கிற வேலை. அது நீல ஒளியைத் தடுத்துவிடும். அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் கறுத்துப்போகும், மேகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். 1927-ல் ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்காவின் ஹாஃப் டோம் மலையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். திருப்தியில்லை. அடர்சிவப்பு போட்டு மறுபடி எடுத்தார். புகழ்பெற்றது அந்த இரண்டாவது படம்தான். இன்று டிஜிட்டல் படத்தில் நிற அளவுகளை மாற்றியே இதைச் செய்துவிடலாம்.

அப்படியானால் ஃபில்டர் என்றாலே பொய்யா? இல்லை. ஃபிலிம் நம் கண்ணைவிட நீலத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும். எதுவும் போடாமல் எடுத்தால் மண்டபம் கடற்கரையின் வானமும் மேகமும் ஒன்றாக வெளிறிவிடும். மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் போனாலும், வானம் கண் பார்த்தபடி வந்துவிடும். சிவப்புக்கு மூன்று ஸ்டாப் போகும். மஞ்சள் திருத்துகிறது; சிவப்பு கதை சொல்கிறது.

கோணமும் அதற்குத் துணை. உச்சிக்குப் போகப்போக வானத்தில் நீலம் கூடும். கேமராவைத் தரையோடு வைத்து மேலே பார்த்தால் கறுப்பு இன்னும் கூடும். பக்கத்திலுள்ள குடிசையும் கடையும் காயும் வலையும் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும்.

சிக்கல் இங்கேதான். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு 100-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதன்பின் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் அங்கேயே இருந்து பிழைக்கிறார்கள். ஆளில்லாத ஊர் என்று ஆயிரம் படங்கள் சொன்னால், அங்கே தண்ணீரும் கரண்டும் யாருக்கு என்று கேட்பது சுலபமாகிவிடும்.

நின்ற உயரத்தில், மஞ்சள் ஃபில்டரோடு, வலை பின்னுகிறவரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாமே. வானம் அவ்வளவாக மிரட்டாது. பரவாயில்லை, அன்றைக்கு அது மிரட்டவும் இல்லையே!