இருபத்தொரு நாள் சுத்தம்

என் உடம்பு அழுக்கானது என்று முதலில் சொன்னவர் என் அப்பத்தா. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மாதத்தில் மூன்று நாள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தாழ்வாரம், தனித் தட்டு, தனிச் சொம்பு. இரண்டாவதாகச் சொன்னவர், முப்பது வருடம் கழித்து, வாட்ஸாப் குரல் பதிவில் பேசிய ஓர் உணவு ஆலோசகர். "டியர்ஸ், உங்க உடம்புல வருஷக்கணக்கா நச்சு சேர்ந்து கெடக்கு" என்றார். அப்பத்தாவுக்கு நான் காசு எதுவும் கொடுக்கவில்லை. இவருக்கு 3,500 ரூபாய் கட்டினேன்.

வசந்தகால முழு உணவுச் சுத்திகரிப்பு என்பது அதன் பெயர். வருடத்துக்கு நான்கு பருவம், பருவத்துக்கு 21 நாள். குழுவில் அறுபது சொச்சம் பேர், அத்தனை பேரும் பெண்கள். வசந்தம் என்றால் மதுரையில் பங்குனி. பனி உருகி முதல் கீரை தலைகாட்டும் நாடுகளில் யாரோ போட்ட அட்டவணையை அப்படியே இங்கே இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்த மாதம் கீரைக்கட்டு சந்தைக்கு வரும்போதே வதங்கியிருக்கும். உடம்பு கேட்பது மோரும் நுங்கும்தான். மோருக்கு அனுமதி இல்லை, அது பால் பொருள். வெள்ளை அரிசி, சர்க்கரை, மைதா, காபி, டீ, முட்டை, மீன், கறி, கருவாடு எல்லாம் விலக்கு. வெங்காயமும் பூண்டும் கடைசி வாரத்தில் விலக்கு. மீதி இருப்பது சிறுதானியம், முளைகட்டிய பயறு, காய், பழம், கொட்டை வகை. எண்ணெய் இரண்டு தேக்கரண்டி.

காபியை நிறுத்திய இரண்டாம் நாள் தலை பிளந்தது. குழுவில் சொன்னேன். "சூப்பர்! நச்சு வெளியேறுது" என்று ஆலோசகர் கைதட்டும் படங்களை வரிசையாக அனுப்பினார். காபியை நிறுத்தினால் தலை வலிக்கும் என்பது காபி குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதில் நச்சு எங்கிருந்து வந்தது? என் சிறுநீரகங்கள் நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. கல்லீரல் தன் பங்குக்கு ராப்பகலாக உழைக்கிறது. இந்த இரண்டும் செய்யாத எந்தக் கழுவலை வெள்ளரிக்காய்ச் சாறு செய்துவிடப் போகிறது? எந்த நச்சு, அதன் பெயர் என்ன, ரத்தத்தில் எந்த அளவு இருந்தது, 21 நாளுக்குப் பிறகு எந்த அளவுக்குக் குறைந்தது? இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை. பெண்ணின் உடம்பில் ஏதோ கழுவ வேண்டியது இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், என்ன என்று கேட்காமல் குனிந்து தேடத் தொடங்குவதற்குப் பதின்மூன்று வயதிலேயே பழகிவிட்டேன்.

அடுத்தது நேரம். முழு உணவு என்றால் யாராவது முழு நேரமும் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று எந்தக் குரல் பதிவிலும் சொல்லவில்லை. வரகை முந்தின இரவே ஊறப் போட வேண்டும். பயறு முளைக்க ஒன்றரை நாள். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுக்க வேண்டும். வீட்டில் மற்ற மூவருக்கும், கணவர், மகன், அத்தை மூவருக்கும், வழக்கமான இட்லி, சோறு, குழம்பு. அத்தைக்கு உப்புக் குறைவாகத் தனி ரசம். ஐந்தரைக்கு எழுந்துகொண்டிருந்தவள் நாலரைக்கு எழுந்தேன். உடம்பு லேசாகிறது, மனம் தெளிகிறது என்று குழுவில் தினமும் எழுதினார்கள். எனக்குத் தூக்கம் வந்தது.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், செய்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் 26.1 சதவீதம், 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் தொட்டியடியிலும் நிற்பவளிடம் போய், "உனக்காக இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கு, அதையும் அடுப்படியிலேயே ஒதுக்கு" என்று சொல்லும் நலவாழ்வுக்கு எவ்வளவு கொழுப்பு!

பதினோராம் நாள், இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். ஒரு மாணவி தண்ணீர் கொண்டுவந்தாள். "மேடம், ரொம்ப ஒல்லியாயிட்டீங்க, என்ன டயட்?" என்று ஆசையாகக் கேட்டாள். அவளும் விடுதியில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கிறாளாம். மயங்கி உட்கார்ந்திருக்கும் நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்து இருபது வயதுப் பெண் பொறாமைப்படுகிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

குழுவில் சொன்னபோது அதே பதில்: நல்ல அறிகுறி, விட்டுவிடாதீர்கள். இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இங்கேதான். உடம்பு நன்றாக இருந்தால் சுத்திகரிப்பு வேலை செய்கிறது. கெட்டுப்போனால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. நோன்பு பலிக்காவிட்டால் உன் பக்தியில்தான் குறை என்று சொல்லும் பூசாரிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

மருத்துவரிடம் போனேன். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?" என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டு வருடமாக. ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பழியை முழுக்கச் சுத்திகரிப்பின் மேல் போட மாட்டேன். பதினோரு நாளில் ரத்தம் இவ்வளவு இறங்காது. அது ஏற்கெனவே இறங்கியிருந்தது. மாதவிடாயில் போனது, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டது, சாப்பிட்ட கையோடு காபி குடித்தது என்று பல வருடக் கணக்கு. ஆனால் சோர்வு எனக்கு இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, "நச்சு" என்று பெயர் மாற்றிச் சொல்லி என்னை நம்பவைத்தது இந்தச் சுத்திகரிப்பு. குறைவாக இருந்ததை அதிகமாக இருக்கிறது என்றது. ஊட்ட வேண்டிய உடம்பைக் கழுவச் சொன்னது.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4. அறுபது பேர் இருந்த எங்கள் குழுவில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சேரும் முன் எங்களிடம் எடை கேட்டார்கள், இடுப்புச் சுற்றளவு கேட்டார்கள். ரத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை.

விலக்குப் பட்டியலை எடுத்து மறுபடி பார்த்தேன். ரத்தம் ஊறுவதற்கு எங்கள் ஊரில் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது ஆட்டுச் சுவரொட்டி. கறியில் இருக்கும் இரும்பு, கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். அதைப் பட்டியல் "தாமச உணவு" என்றது. கறியும் கருவாடும் மட்டுமா, பூண்டும் தாமசம்தான். யாருடைய அகராதி இது? அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு தர மாட்டோம் என்று சொல்லும் அதே வாய்தான், சமஸ்கிருதச் சொல்லோடு கொஞ்சம் ஆங்கிலத்தையும் கலந்து பேசுகிறது. தமிழில் "சுத்த சைவம்" என்று பலகை மாட்டுகிறோம். சுத்த அசைவம் என்று ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. தீட்டும் சாதியும் ஒரே அடுப்படியில்தான் வெந்தன. தாழ்வாரத்தில் உட்காரவைக்கப்பட்ட எனக்கு அதில் ஒரு பாதி தெரியும். அதே அப்பத்தா எங்கள் வீட்டு வேலையாட்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்ததை அன்று நான் கேள்வி கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து மேடைக்கு மேடை "நம் பாட்டிமார்களின் உணவு" என்று கண்ணீர் விடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா நான் கம்பஞ்சோறு கிண்டுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அரிசிச் சோத்துக்கு எங்கம்மா தீவாளி எப்ப வரும்னு ஏங்கிக் கெடந்துச்சு டீச்சர். நீங்க காசு குடுத்துக் கம்பு திங்கிறீங்க."

கம்பை யார் இடித்தது என்று கேட்டேன். "வேற யாரு? நாலு மணிக்கு உலக்கையைத் தூக்குனா விடியிற வரைக்கும் இடிக்கணும். தண்ணி தெளிச்சு இடி, பொடைச்சு எடு, மறுபடி இடி. எங்கம்மா உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருக்கும்." கேழ்வரகு, கம்புக்காவது உமி லேசு. வரகு, சாமை, தினை, குதிரைவாலிக்கு உமி நீக்குவதே பெரும்பாடு. அத்தனையும் பெண்ணின் தோள். அரவை இயந்திரமும் ரேஷன் அரிசியும் வந்தபோது உலக்கை கீழே விழுந்தது. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னபோது தமிழ்நாடு ஏன் சிலிர்த்தது, 2011 ஜூனிலிருந்து மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைத்தபோது அந்த அக்காவின் வீட்டில் என்ன மாறியது என்பதெல்லாம் பட்டை தீட்டிய அரிசியின் சர்க்கரை அளவை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தினை நல்ல தானியம்தான், நான் இன்னும் சாப்பிடுகிறேன். ஆனால் பாட்டியின் உணவைப் புகழும் எவரும் பாட்டியின் உள்ளங்கையையும் சேர்த்துப் பேசட்டும்.

இனி, நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்த 21 நாளில் (நான் தாண்டியது பதினோரு நாள்தான்) எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருந்தது. திருமணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக அடுப்பில் எனக்கென்று ஒரு சட்டி இருந்தது. அதில் வெந்ததை நான் முடிவு செய்தேன், சூடாகச் சாப்பிட்டேன், உட்கார்ந்து சாப்பிட்டேன். "அது அம்மாவோட மருந்துச் சாப்பாடு" என்று மகன்கூடத் தொடவில்லை. எனக்கு வெண்டைக்காய் பிடிக்கும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது. பதினெட்டு வருடமாக வெண்டைக்காய் வாங்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. குழுவில் அவ்வளவு பெண்கள் அவ்வளவு ஆர்வமாக இருந்ததற்கு இதுதான் காரணமோ என்று சந்தேகப்படுகிறேன். ஆசைக்காகச் சமைத்தால் திமிர். நோன்புக்காகச் சமைத்தால் புண்ணியம். நோன்பு பழசாகிவிட்டது, அதனால் நச்சு நீக்கம். ஒரு பெண் தனக்குப் பிடித்ததைச் சமைத்துச் சாப்பிட 3,500 ரூபாய் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சீட்டிலும் பாதி உணவுக்குத் தடை.

பன்னிரண்டாம் நாள் சுவரொட்டி வாங்கி வந்து மிளகு போட்டு வதக்கினேன். சுத்திகரிப்பு முடிந்துவிட்டதால் என் சட்டியும் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அத்தை எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா இது?" என்றார். "எனக்கு அத்தை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "எனக்கும் ரெண்டு துண்டு வை, நானும் பிள்ளை பெத்தப்போ தின்னது" என்றார். கணவர் காலை இட்லியைத் தானே ஊற்றப் பழகிக்கொண்டிருக்கிறார். எண்ணெய் தடவ மறந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டட்டும்.

இரும்புச் சத்து மாத்திரை மூன்று மாதம் போட்டேன். ஐப்பசிச் சுற்றுக்கு முன்பதிவு செய்தால் 500 ரூபாய் தள்ளுபடி என்று குழுவில் அறிவிப்பு வந்தபோது, என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படமெடுத்துப் போட்டேன். கீழே ஒரே வரி: சேரும் முன் இதை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்திருந்தார்கள். அன்றிரவுக்குள் நான்கு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். ஒருவருக்கு 9.1. ஒருவருக்கு 10.2. ஒருவருக்கு 7.8, அவர் மூன்று சுற்று முடித்தவர். நான்காமவர் இதுவரை பரிசோதித்ததே இல்லை, நாளைக் காலை போகிறேன், வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

ஹீமோகுளோபின் பார்க்க வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள் என்று பதில் போட்டேன்.