சல்லிசாக வரும் சீமைக் கார்!

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு குடும்பம். கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது. உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். மூத்த மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். கையில் நாலு காசு சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய கார் உண்டு. அதை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இப்படி ஒரு குடும்பம் எந்தத் தெருவில் இல்லை?

ஒருநாள் இளைய மகனின் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. பளபளவென்று ஒரு ஜப்பான் கார். 'லேண்ட் குரூசர்'! புதிதாக வாங்கினால் கோடிக்கணக்கில் ஆகும். படத்துக்குக் கீழே போட்டிருக்கும் விலையோ சில லட்சம்தான்.

மகன் பேசிப் பார்க்கிறான். எதிர்முனையில் இருப்பவன் தேன் ஒழுகப் பேசுகிறான்.

"அண்ணாச்சி, நாளைக்கே வேறு ஆள் வந்திரும். டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்க. வண்டியை உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்."

அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி கேட்கிறாள்.

"ஏங்க, இம்புட்டுச் சல்லிசா ஏன் தாரான்?"

அந்த அம்மாள் கேட்டதுதான் கேள்வி! அதற்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது.

மாட்டுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

கரிசல்காட்டுச் சம்சாரி மாடு வாங்கும் அழகே தனி. தாவணிக்குப் போனால் உடனே விலை பேச மாட்டார். முதலில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். குளம்பைத் தட்டிப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். யார் வீட்டு மாடு, ஏன் விற்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரிப்பார். அதன் பிறகுதான் துண்டுக்குள் கை போகும்.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஓர் ஆடு வாங்குகிறவர்கூடத் தூக்கிப் பார்த்து, தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

அதே மனிதர் கார் என்றால் மயங்கிவிடுகிறார். பெயின்ட் மின்னுகிறதா, ஏ.சி. குளுகுளுவென்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

இந்த மயக்கம் நேற்று வந்தது அல்ல. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலையில் ஓடிய கார் எல்லாமே சீமைக் கார்தான். ஆஸ்டின், மாரிஸ், செவர்லே என்று பெயர்கள். கிராமத்தில் அதற்குப் 'பிளசர்' என்று பெயர். ஜமீன்தாரும் பெரிய வியாபாரியும்தான் பிளசரில் போவார்கள். சிறுவர்கள் புழுதியில் பின்னால் ஓடுவார்கள். பிறகு சர்க்கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அம்பாசடரும் பியட்டும் வந்தன. ஆனால், சீமைக் கார் என்றால் கௌரவம் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

ஜப்பானில் சல்லிசுதான்!

ஜப்பானில் பழைய கார் மலிவு. இது உண்மை. அதற்குக் காரணம் உண்டு.

அங்கே புதுக் கார் வாங்கினால் மூன்றாம் ஆண்டு கட்டாயப் பரிசோதனை. அதன்பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. இதற்கு 'ஷாகென்' என்று பெயர். செலவு அதிகம். பெட்ரோல் காருக்கு 13 வயது ஆகிவிட்டால் வரியும் கூடுகிறது. "இந்தச் செலவுக்குப் புதுக் காரே வாங்கிவிடலாம்" என்று ஜப்பான்காரர் நினைக்கிறார். நன்றாக ஓடும் காரை ஏலத்தில் தள்ளிவிடுகிறார்.

அந்த ஏலத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுகிறார்கள். அதில் காரின் படம் வரைந்திருக்கும். கீறல் எங்கே, நசுங்கல் எங்கே, எந்தத் தகடு மாற்றப்பட்டது என்று குறி போட்டிருப்பார்கள். காருக்கு மதிப்பெண்ணும் உண்டு. மோதி அடிபட்டுச் சரிசெய்த கார் என்றால் 'ஆர்' என்ற எழுத்தைப் போட்டுவிடுவார்கள். விற்கும் பொருளின் குறையை விற்கும் இடத்திலேயே எழுதி ஒட்டுகிறார்கள்! நம் ஊரில் எந்தத் தரகராவது இப்படிச் செய்வாரா?

ஆனால், கப்பல் ஏறிய பிறகு கதை மாறலாம். அந்தத் தாளையே திருத்தி விற்கும் ஆசாமிகள் உண்டு. ஓடிய கிலோமீட்டரைப் பின்னுக்குத் திருப்பி வைக்கும் கில்லாடிகளும் உண்டு.

இலங்கையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பான் கார்கள். அவற்றில் பல, அங்கே ஓடிவிட்டு இங்கே வந்தவை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த, இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. உடனே பழைய காரின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கிய விலையைவிட அதிக விலைக்குப் பழைய காரை விற்றவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில்தான் சொந்தக் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது. வரி மட்டும் தலைக்கு மேல் இருக்கிறது.

நமக்கு ஏன் வராது?

"ராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் வருகிற கார், இந்தப் பக்கம் வராதா?" என்று கேட்கலாம்.

வரலாம். ஆனால், சல்லிசாக வராது.

பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர அரசு போட்டிருக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. கார் தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இன்னும் ஐந்து ஆண்டாவது ஓடும் தகுதி இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க வேண்டும். தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே இறக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே வரி. காரின் விலையைவிட அதன்மேல் போடும் சுங்க வரி அதிகம்! பத்து லட்ச ரூபாய் கார் என்றால், வரி பத்து லட்சத்தையும் தாண்டும். கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் தனி.

துபாயில் இருக்கும் மகன் தன் காரை ஊருக்கு அனுப்பலாமா? முடியாது. அங்கே ஸ்டீரிங் இடப்பக்கம். சிங்கப்பூரில் இருக்கும் மாமா அனுப்பலாமா? அங்கே ஸ்டீரிங் வலப்பக்கம்தான். கார் வைத்துக்கொள்ள 10 ஆண்டுக்குத்தான் உரிமச்சீட்டு கொடுப்பார்கள். அதனால் நல்ல கார்கள்கூட சீக்கிரம் கழிக்கப்படுகின்றன. ஆனால், அப்படிக் கழிக்கும் கார் மூன்று வயதைத் தாண்டியிருந்தால் நம் நாட்டுக்குள் நுழைய முடியாது.

அப்படியானால், பத்து வயதுச் சீமைக் கார் ஒன்றைச் சில லட்சத்துக்கு ஒருவன் விற்கிறான் என்றால், அது எந்த வழியாக வந்தது? அம்மாளின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மலைநாட்டிலிருந்து வந்த கார்கள்

2025 செப்டம்பர் 23. கேரளத்தில் சுங்க அதிகாரிகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் சோதனை போட்டார்கள். 'ஆபரேஷன் நும்கோர்' என்று அதற்குப் பெயர். நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வண்டி. பெரிய திரை நடிகர்கள் சிலர் வீடுகளிலும் சோதனை நடந்தது. முதல் நாளிலேயே முப்பதுக்கு மேற்பட்ட கார்கள் பிடிபட்டன.

சுங்கத்துறை சொன்ன கதை இதுதான். பூட்டான் ராணுவம் தன் பழைய வண்டிகளை ஏலம் விட்டது. அவற்றைச் சிலர் வாங்கினார்கள். வரி கட்டாமல் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். இந்திய ராணுவம், தூதரகம் ஆகியவற்றின் பெயரில் போலிக் காகிதம் தயாரித்தார்கள். இமாசலப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களில் நம்பர் வாங்கினார்கள். பிறகு தெற்கே விற்றார்கள். கோவையை மையமாக வைத்து ஒரு கும்பல் இதைச் செய்ததாகவும் சுங்கத்துறை கூறியது.

இதில் கவனிக்க வேண்டியது நடிகர்களை அல்ல. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. ஒரு கார் போனால் இன்னொரு கார் இருக்கிறது. உளுந்து விற்ற பணத்தைப் போட்டு அதே மாதிரி ஒரு காரை வாங்கிய சம்சாரி என்ன செய்வார்? கள்ளத்தனமாக வந்த பொருளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். அது எத்தனை கை மாறியிருந்தாலும் சரி.

"நம்பர் கொடுத்தது சர்க்கார் அலுவலகம்தானே? அவர்கள் ஏமாந்ததற்கு வாங்கியவன் ஏன் அழ வேண்டும்?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் காருக்கு நம்பர் கொடுக்கும் முன்பு, "இந்தக் கார் உங்கள் வழியாக வந்ததா?" என்று சுங்கத்துறையிடம் நேரடியாகக் கேட்டு, பதில் வந்த பிறகே அலுவலகம் முத்திரை குத்த வேண்டும். வாங்குகிறவர் கொண்டுவரும் காகிதத்தை மட்டும் நம்பினால் இந்த மோசடி நிற்காது. ஆனால், அந்த நியாயம் கிடைக்கும்வரை கார் சுங்கத்துறையின் கையில் இருக்கும். மகன் தவணை கட்டிக்கொண்டிருப்பான்.

காரின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

காருக்கும் பல் உண்டு. அதுதான் சேசிஸ் நம்பர்.

காரின் உடம்பில் இந்த நம்பரைக் கொத்தி வைத்திருப்பார்கள். இந்தியாவில் செய்த இன்றைய கார்களில் இது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். முதல் எழுத்து ஆங்கில 'எம்'. ஜப்பானிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பச் செய்த கார் என்றால் 'ஜே' என்று தொடங்கும். ஜப்பான்காரர்கள் தங்களுக்கென்று செய்துகொள்ளும் காரில் 17 எழுத்து இருக்காது. நம்பர் குட்டையாக இருக்கும்.

'ஜே' என்று இருப்பதாலேயே அது திருட்டுக் கார் ஆகிவிடாது. முறையாக வரி கட்டி வந்த கார்களும் உண்டு. ஆனால், அங்கேதான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: "சுங்கத்தில் வரி கட்டிய 'பில் ஆப் என்ட்ரி' எங்கே?" அந்தச் சீட்டில் இருக்கும் நம்பரும், காரில் கொத்திய நம்பரும், ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். கொத்திய இடத்தில் ராவிய தடமோ, புது வெல்டிங்கோ தெரிந்தால் திரும்பி வந்துவிட வேண்டும்.

வேறு மாநிலத்து நம்பர் என்றால் இன்னும் ஒரு வேலை. அந்த ஊர் அலுவலகம் கொடுத்த தடையில்லாச் சான்று வேண்டும். வேற்று மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டக் கூடாது. இங்கே புது நம்பர் வாங்க வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் 'சல்லிசு' பாதி கரைந்துவிடும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் எது, போலி எது என்று மிட்டாய்க்கே பார்க்கிற ஊர் இது!

விற்றாலும் விடாது

அந்தக் குடும்பம் தன் பழைய காரையும் விற்கப் போகிறது அல்லவா? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது.

பலர் என்ன செய்கிறார்கள்? பணத்தை எண்ணி வாங்குகிறார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். சாவியை நீட்டுகிறார்கள். "விட்டது தொல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வாங்கியவன் பெயர் மாற்றாமலே இன்னொருவனுக்கு விற்கிறான். அவன் மூன்றாமவனுக்கு விற்கிறான்.

இப்படிக் கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018-ல் தீர்ப்பு வந்தது. காரை விற்றவர், "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்றார். கோர்ட்டு ஒப்பவில்லை. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. காரும் கையில் இல்லை, ஓட்டியவன் முகமும் தெரியாது. நஷ்ட ஈடு மட்டும் தலையில்!

இதற்கு வழி ஒன்றும் கஷ்டமானது அல்ல. விற்றவர் 14 நாளுக்குள் 29-ம் நம்பர் படிவத்தில் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30-ம் நம்பர் படிவம் கொடுத்து, 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கார் கடனில் வாங்கியது என்றால், கடன் தீர்ந்ததற்கு 35-ம் நம்பர் படிவம். கோவில்பட்டியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. டி.என். 96 என்று நம்பர் தருவது அங்கேதான். வெளியூர் போக வேண்டியதில்லை.

ஒரே ஒரு நாள் வேலை கெடும். வாங்குகிறவரையும் கையோடு கூட்டிப் போக வேண்டும். அவர் வர மறுத்தால், "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன், இப்போது சாவியைக் கொடுங்கள்" என்றால், சாவி அன்றைக்கு வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும்.